கரும்பலகையில் மழை

மொட்டைமாடியில் காயப்போட்ட மிளகாயின் நெடி இன்று மூக்கில் ஏறியதும், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த, பிறகு தடமே தெரியாமல் போன எங்கள் ஓலைக்கூரைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் ஒரு பிள்ளை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு வெயில் அடிக்குமா மழை பெய்யுமா என்று சொல்ல, டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதுவார். தப்பாகச் சொன்னவர் மறுநாள் பெஞ்சுமேல் நிற்க வேண்டும். என் முறை வந்த அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

"மழை டீச்சர்," என்றேன் உரக்க. வகுப்பே சிரித்தது.

"வானத்தப் பாத்தியா?"

"இல்ல டீச்சர். தெருவுல காயப்போட்ட மொளகாய எல்லாம் கடக்காரங்க அள்ளிட்டாவ."

டீச்சரும் சிரித்துக்கொண்டேதான் எழுதினார். மத்தியானத்துக்குள் கூரை ஒழுகியது. மறுநாள் முதல் அவர், சுற்றுவழி என்றாலும், கடைத்தெரு வழியாகவே பள்ளிக்கு வந்தார்.