ஏழு, ஏழேகால், ஏழரை

பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் ஊரில் எந்தக் கிழவனுக்கும் வாயெல்லாம் பல்லாக இருக்கும். எனக்கு முந்தின ராத்திரியே தூக்கம் போயிற்று. அந்த இரண்டு பேரும் என்னிடம் விருந்தாட வரவில்லை, என்னைப் பரீட்சை பார்க்க வந்தார்கள்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த வருஷம் அது. தலத்தெருவில் ஓடு வேய்ந்த ஒரே வரிசையாகப் பதினோரு வீடுகள். எல்லாவற்றிலும் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பிய என்னைப் போன்ற ஒண்டிக்கட்டைகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையற்காரம்மா. வீட்டு நம்பர்தான் எங்களுக்குப் பேர். நான் ஏழு.

என் ஒரே மகன் சைகோனில் குமாஸ்தா. அங்கே வெள்ளைக்காரன் மூட்டை கட்டியதும் இவனுக்குப் பிரான்சில் வேலை என்றார்கள். அவன் பெண்டாட்டி முந்தின வருஷம்தான் காய்ச்சலில் போய்விட்டாள். போகிற வழியில் இங்கே வந்து இறங்கியவன், பிள்ளைகளைக் கூடக் கூட்டிக்கொண்டு போவதா, என்னிடம் விட்டுப் போவதா என்று தெரியாமல் தவித்தான்.

"பாண்டிச்சேரி போயி கப்பலுக்கு ஏற்பாடு பண்ணிட்டு வர்றேம்ப்பா. அதுவரைக்கும் இவங்க இங்க இருக்கட்டும். புடிச்சிருந்தா உங்ககிட்டயே விட்டுடறேன். அழுதுகிட்டு கெடந்தாங்கன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான்.

பிரான்சுக்குப் போனால் நான் கண்ணை மூடுவதற்குள் திரும்பி வருவார்களா? வரவே மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போய்விட்டான்.

பேரனுக்கு எட்டு வயசு, பேத்திக்கு ஐந்து. முதல் நாள் முழுக்க அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பப்பா எப்ப வருவாங்க?" பையன் அதுகூடக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எனக்கு அதுதான் அதிகப் பயம்.

நான் பட்ட பாடு நாய் படாது. கடற்கரைக்குக் கூட்டிப்போய் நண்டு பிடித்துக் காட்டினேன். நண்டு பையன் விரலைப் பிடித்துக்கொண்டது. காற்றாடி செய்து விட்டேன், புளிய மரத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஐந்தாம் வீட்டுக்காரர் மவுத் ஆர்கன் வாசித்தார். அதைக் கேட்டுத் தெருநாய்தான் அழுதது. இரண்டாம் வீட்டுக்காரர், பாவம், நல்ல எண்ணத்தில் தன் பொய்ப்பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். பேத்தி போட்ட கூச்சலில் மூன்றாம் வீட்டுக் கிழவர் எழுந்து வந்துவிட்டார். வரிசையிலேயே சிடுமூஞ்சி அவர்தான். "மத்தியானம் மனுசன் கண்ண மூட வேணாமாய்யா? புள்ளைங்களா பிசாசுங்களா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவருடைய பல்லையும் கழற்றியிருப்பேன். பேத்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துப் பார்த்தாயிற்று. இனி என்னால் ஆகாது என்று எனக்கே தெரிந்துபோயிற்று. நாலாம் நாள் காலையில் சமையற்காரம்மா ஊட்டிய இட்லியைப் பேத்தி துப்பினாள். அந்த நேரம் பார்த்து வெளியே கப்ரால் பாயின் குரல் கேட்டது.

கப்ரால் என்பது பட்டாளத்தில் சின்ன அதிகாரி. அந்த உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர் முதல் வீட்டுப் பாய். தினம் காலை வரிசையாக நடந்து வீட்டு நம்பரைக் கூப்பிடுவார். உள்ளேயிருந்து "ப்ரெஸான்!" என்று பதில் கொடுக்க வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம், பட்டாளத்தில் ஆள் எண்ணும்போது சொல்வது. பதில் வராத கதவைத் தட்டுவார். முன்பு எங்களில் ஒருவர் உள்ளேயே இறந்துகிடந்து, நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து இந்த வழக்கம். பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது, அதைப் பற்றி ஒருத்தரும் யோசிப்பதில்லை.

"ஏழு!" என்றார் பாய். "ப்ரெஸான்" என்றேன், உயிரே இல்லாமல். அவர் வாசலில் எட்டிப் பார்த்தார். இட்லியும் கண்ணீருமாக இருந்த பேத்தியைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "ஏழேகால்!" என்றார்.

பேத்தி அழுகையை நிறுத்தினாள்.

"ஏழேகாலு எங்க? லீவு போட்டுட்டாங்களா?"

"ப்ரெஸான்" என்றாள், கீச்சுக் குரலில். சிரித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பு!

"ஏழரை!" என்றார் அடுத்து. சுவரோரம் இருந்த பையன் துள்ளி எழுந்து சல்யூட் அடித்தான்.

"ஏழரை வந்து உம்ம வீட்லயே குந்திடுச்சு, இனி சனி விடாதுய்யா" என்று ஐந்தாம் வீட்டுக்காரர் கேலி செய்தார். விடாமல் இருந்தால் அந்தச் சனி பகவானுக்கு எள் விளக்கே போடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நிலைமையே வேறு. குளித்து, தலை வாரி, பாய் வருவதற்கு முன்னாலேயே இரண்டும் வாசலில் நிற்கும். கூப்பிடுகிற வேலையைப் பையனே எடுத்துக்கொண்டான். கிழவர்கள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் ஒளிந்து விளையாடினார்கள். சிடுமூஞ்சி மூன்றாம் வீட்டுக்காரர் சேவல் மாதிரி கூவிப் பதில் சொன்னார் என்றால் நம்புவீர்களா? நான் கயிற்றுக் கட்டில் இரண்டு வாங்கிப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் பேசி வைத்தேன்.

மகன் ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தான். பேத்தி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு, "பப்பா, நான்தான் ஏழேகாலு. நான் கப்பல்ல வரமாட்டேன்" என்றாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விடிந்தது. பையன் அப்பாவுக்குக் காட்டுகிற மிடுக்கில் கூப்பிட்டுக்கொண்டு போனான். நாலாம் வீட்டில் பதில் இல்லை. தட்டினான். பிறகு கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

"மூச்சு கேக்குது!" என்று சந்தோஷமாகக் கத்திவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினான்.

"என்ன வெளையாட்டு இது?" என்று மகன் கேட்டான்.

பாய் பெருமையாகச் சொன்னார்: "வெளையாட்டு இல்ல தம்பி. ராத்திரி யாராச்சும் மவுத்தாயிட்டா காலையில தெரியணுமுல்ல? உங்க மவன் கெட்டிக்காரன், மூச்ச வச்சே சொல்லிப்புடுவான்."

மகன் முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மா செத்து வருசம் திரும்பாத புள்ளப்பா. அவன எந்தக் கதவுக்குள்ள பொணம் கெடக்குதுன்னு பாக்க விட்டிருக்கீங்க."

"டேய், அது அப்படியில்லடா. புள்ளைங்க சிரிக்குதுங்கடா…"

பாய் பதறிப்போனார். "இன்னையோட நிறுத்திர்றோம் தம்பி. அல்லா மேல ஆணையா, புள்ளைங்க இங்க இருக்கறவரைக்கும் கூப்பிடவே மாட்டேன்."

"நிறுத்துனா?" என்றான் மகன். பாயிடம் இல்லை, என்னிடம். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "ஒரு நாள் காலையில நீங்க எந்திரிக்கலன்னா? உள்ள இருக்கறது இவங்க ரெண்டு பேருந்தானேப்பா?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தவன் மேல் கோபப்படவும் வழியில்லை, அவன் கேட்டது நியாயம்.

மத்தியானமே வண்டி வந்தது. பேத்தி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். பையன் வண்டி ஏறும்வரை பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். கிழவர்கள் பதினொரு பேரும் வாசலில் நின்றோம். மூன்றாம் வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை பாய் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஐந்து, ஆறு. "ஏழு!"

முழித்துத்தான் இருந்தேன். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இரண்டு காலிக் கட்டில்களுக்கு நடுவில் படுத்திருந்தேன். பாய் இன்னொரு தரம் கூப்பிட்டார். தட்டினார். பிறகு கதவில் காதை வைத்துக் கேட்பது எனக்குத் தெரிந்தது.

"மூச்சு கேக்குது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, எட்டாம் வீட்டைக் கூப்பிடப் போனார்.