மூன்று ஊர்களில் ஒரு படம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, எங்கள் தெருவில் மெதுவாகப் போன ஒரு டிராக்டர். பின்னால் டிரெய்லரில் வேலி போடுவதற்கான சிமெண்ட் கால்களை அடுக்கியிருந்தார்கள். இருபத்திரண்டு வரை எண்ணினேன். அதற்குள் வண்டி ஏரிப் பக்கம் திரும்பிவிட்டது. பல வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவனுக்கு எண்ணுவது பழக்கம். எதற்கு என்று கேட்பதும் பழக்கம்தான். அன்று கேட்கவில்லை.

ஆறரைக்கு, எனக்குப் பல வருடமாகத் தெரிந்த ஒரு அம்மாள் கேட்டைத் தட்டினார். ஏரிக்கு இந்தப் பக்கம், வயலுக்கு நடுவே நான்கு வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்று அவருடையது. நடவு, களை, அறுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். கணவருக்கு இரண்டு வருடமாகப் பக்கவாதம். வாரம் ஒருமுறை ஆட்டோ அவர்கள் வாசல்வரை போய் அவரை ஏற்றிக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வரும். ஆட்டோ போகும் அந்த ஆறடி வழி அவர்களுடைய நிலம் அல்ல.

"சார், கல்லு எறக்கிக்கினு கீறாங்க. வயிய அடைக்கப் போறாங்களாம்," என்றார்.

அந்த வழிக்கு ஒரு தாள் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, பக்கத்து நிலத்துக்காரப் பெரியவர் தன் போர்வெல் குழாயை அந்த நான்கு மனைகளுக்கு அடியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. இவர்கள் குழாய்க்கு இடம் விட்டார்கள். பதிலுக்கு, வயலின் வடக்கு ஓரம் ஆறடி வழி விடுவதாக அவர் பத்திரத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் பதிவு செய்யவில்லை. நிலத்துக்காரரும் கூலிக்காரர்களும் போலீஸ் இல்லாமல் பேசி முடித்துக்கொண்டார்கள் என்பதால் நான் செய்தி எடுக்கப் போனேன். தாளையும் படம் எடுத்தேன். மறுநாள் பக்கத்தில் விளம்பரம் அதிகம், செய்தி வரவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, டிரங்குப் பெட்டிக்குள் இருந்த தாள் கூழாகிவிட்டது. பெரியவர் இறந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவரும் இறந்தார். மற்றவர் பெரியவரின் தம்பி, அண்ணன் மகனுக்கு எதிராகப் பேசமாட்டார்.

"அவுரு கீறவரைக்கும் ஒண்ணும் இல்ல. இப்போ புள்ள, இன்னா பேப்பரு, எங்க பேப்பரு, காட்டுன்றான். லாயரு பத்து மணிக்கு வரச் சொல்லிக்கிறாரு. நீ எடுத்த போட்டா கீதா சார்?"

"கீதும்மா. ஒண்ணு இல்ல, மூணு எடத்துல கீது. ஓரிக்கை, ஏனாத்தூர், பழையசீவரம்."

"அவ்ளோ தூரம் போயா எடுத்தாரணும்?"

"இல்லம்மா. இங்கயே வரும். உக்காரு, டீ குடி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது.

உள்ளே போனேன். முந்தின நாள் மாலைக் காற்றில் மின்சாரம் நான்கு முறை போய் வந்திருந்தது. மேஜைக்கு அடியில் கணினிப் பெட்டி டக், டக், டக் என்று சீரான இடைவெளியில் சத்தம் போட்டது. திரையில் ஒரே ஒரு வரி. வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், கிடைக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

வேலையை விட்டபின் என்னிடம் மிஞ்சியது நான்கு பழைய ஹார்ட் டிஸ்க்குகள். ஏரி உடைப்பு, நெல் கொள்முதல், திருவிழா, சாலை மறியல், யாரும் கேட்காத மனுக்கள் என்று எடுத்த படம் எல்லாம் அவற்றில்தான். பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். ஒன்று திணற ஆரம்பித்ததும் பயம் வந்தது. பத்திரிகையில் பக்கம் வடிவமைத்த நண்பர் ஒருவர் இப்போது காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர்தான் வழி சொன்னார். எதையும் ஒரே இடத்தில் வைக்காதே. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடும் மூன்று கணினிகளை ஒரு கூட்டமாக இணை. ஒவ்வொரு கோப்பும் தானாக மூன்றிலும் ஒவ்வொரு நகலாகப் போய் உட்காரும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் தரும்.

மூன்று கணினிகளுக்கு என்னிடம் வசதி இல்லை. ஒரு பெட்டிக்குள் மென்பொருளாலேயே மூன்று கணினிகளை உண்டாக்கலாம் என்று படித்தேன். விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, தனி நினைவகம், தனி வட்டு என்று திரை காட்டும். மார்கழி பிறந்ததிலிருந்து மூன்று வாரம், காலையில் கோலம் போடும் நேரத்திலிருந்து வெயில் ஏறும்வரை அந்த வேலைதான். மூன்றுக்கும் கடிகாரம் ஒன்றாக ஓட வேண்டும். ஒன்றின் நேரம் கொஞ்சம் பிந்தினாலும் மற்ற இரண்டும் அதைச் சேர்த்துக்கொள்ளாது. எதை முடிவு செய்வதென்றாலும் மூன்றில் இரண்டு ஒத்துப்போக வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. நிருபர் வேலை போலவே இருந்தது.

கணினிகளுக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது பழையசீவரம், ஓரிக்கை, ஏனாத்தூர் என்று வைத்தேன். நான் பைக்கில் சுற்றிய ஊர்கள். எல்லாப் படங்களும் ஏறி முடிந்த அன்று ஓரிக்கையை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தேன். படங்கள் திறந்தன. மறுபடி அதைக் கூட்டத்தில் சேர்த்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் நலம் என்று பச்சை எழுத்தில் வந்தது. நண்பரை போனில் அழைத்துச் சொன்னேன்.

"டிஸ்க்கு மூணும் தனித்தனிதானே?" என்று கேட்டார்.

"தனித்தனிதான்," என்றேன். திரையில் மூன்று இருந்தன.

ஐந்து நாள் கழித்துப் போகி வந்தது. "போகிக்காவது அந்தக் குப்பையெல்லாம் எடுத்துப் போடுங்க. வூடு பூரா ஒயரு," என்றாள் மனைவி. பழைய பாய், கிழிந்த குடை, அறுந்த ஒயர்களுடன் பிஸ்கட் டப்பாவையும் எடுத்து வைத்தேன். பாயும் குடையும் தெருமுனைத் தீயில் போயின. டப்பாவைப் பழைய இரும்புக்காரர் தராசில் போட்டார். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அவரும் நானும்.

இத்தனையும் அந்தக் காலையில் பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும் என்று இரண்டு முறை போட்டேன். மூன்றாம் முறை போடப் போகுமுன் நண்பரை அழைத்தேன். அவர் பைக்கில் வந்து சேர எட்டரை ஆயிற்று. அதுவரை அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

நண்பர் குனிந்து, பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"எத்தினி வாட்டி ஆன் பண்ண?"

"ரெண்டு."

"இனிமே கை வைக்காத. மூணு மெஷினும் எந்த டிஸ்க்குல கீது?"

"புதுசு ஒண்ணு வாங்கினேனே, பெருசு. அதுல."

"மூணுமா?"

"மூணும்."

அவர் எழுந்து நின்றார். "இன்னாபா சொல்ற? ஒரே பீரோல மூணு அறை போட்டுட்டு, மூணு ஊர்ல வச்சிக்கிறேன்னு சொல்லிக்கினு கீறியா?"

"ஓரிக்கையை அணைச்சிப் பாத்தேன். வந்துதே."

"வரும்பா. அறைய மூடிப் பாத்த. பீரோ எரிஞ்சா?" பிறகு குரல் தணிந்தது. "சரி, பழைய டிஸ்க் நாலு வச்சிருந்தியே, அதக் குடு."

"போகிக்குப் போட்டுட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். பத்திரிகையில் இருந்தபோது ஒருமுறை ஏரிக்கரை உடைந்ததாக நான் செய்தி அனுப்பினேன். மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்திருந்தேன். கரை உடையவில்லை. மூன்று பேரும் ஒரே டீக்கடையில் ஒரே ஆள் சொன்னதைக் கேட்டவர்கள். மறுநாள் திருத்தம் போட்டார்கள். அந்தத் திருத்தத்தைப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்தவர் இவர். இந்தக் காலையில் அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த அம்மாள் உள்ளே வந்து கதவருகே நின்றார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியாது.

"மூணு எடத்துல கீதுன்னியே சார். ஒரு எடத்துலயாச்சும் கீதா?"

"ரிப்பேருக்கு அனுப்பறோம்மா," என்றார் நண்பர். "மெட்ராஸ்ல எடுத்துத் தருவாங்க. கொஞ்ச நாளாவும்."

"கொஞ்ச நாளா? அங்க மத்தியானத்துக்குள்ள கல்லு நட்டுடுவானுங்களே."

அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் நோக்கி நடந்தார். நானும் பின்னாலேயே வக்கீல் அலுவலகம் போனேன். படத்தை எடுத்தவன் நான், தாளைக் கண்ணால் பார்த்தவன், எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். வக்கீல் பொறுமையாகக் கேட்டார். எந்தத் தேதி என்றார். எனக்கு வருடம் தெரியும், மாதம் தெரியும். தேதி அந்தப் படத்துக்குள் இருந்தது. "ஆறடின்னு எழுதியிருந்ததா, ஆறடி அகலம்னு எழுதியிருந்ததா?" என்றார். அதுவும் உறுதியாக நினைவில்லை. படம் இருக்கிறதே என்று நான் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

"படம் வரட்டும், பார்க்கலாம்," என்றார்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் என்னைப் பார்க்காமலே பேசினார். "நீ கீதுன்னு சொன்னதால நான் தெகிரியமா இருந்துட்டேன் சார். இல்லன்னா காலையிலயே அவன் கால்ல வியுந்திருப்பேன்."

மாலை நான்கு மணிக்கு அங்கே போனேன். வடக்கு ஓரம் முழுவதும் கால்கள் நின்றன. கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவரின் மகன் மரியாதையாகவே பேசினார். "உங்களுக்கு இன்னா சார் இதுல? எங்க நைனா எழுதிக் குடுத்திருந்தா காட்டட்டும், நானே புடுங்கிப் போட்றேன்." வரப்புக்கு அப்பால் போர்வெல் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மனைகளுக்கு அடியில் வந்த குழாயிலிருந்து தண்ணீர் வயலில் விழுந்தது.

பதினாறு நாள் கழித்துச் சென்னையிலிருந்து வட்டு திரும்பியது. பெரும்பாலான படங்கள் போயிருந்தன. அந்தப் படம் பாதி வந்தது. இந்த ஏற்பாட்டில் பெரிய கோப்புகளைத் துண்டாக்கித்தான் சேமிக்கும் என்று நண்பர் விளக்கினார். அந்தப் படத்துக்கு இரண்டு துண்டுகள், முதல் துண்டுக்கு ஒரு நகல் பிழைத்திருந்தது. இரண்டாவதற்கு மூன்று நகலும் போயின.

பாதிப் படத்தைத் தாளில் அச்சிட்டு வக்கீலிடம் கொடுத்தோம். முத்திரை தெளிவாக இருந்தது. அதன் கீழ் மூன்று வரிகள். நான்கு மனைக்காரர்களும் தங்கள் இடத்துக்கு அடியில் குழாய் கொண்டுபோக முழு மனதுடன் சம்மதிக்கிறார்கள் என்பதுவரை படிக்க முடிந்தது. அதற்குப் பிறகு ஒரே சாம்பல் நிறம்.

வக்கீல் இரண்டு முறை படித்தார். "இது எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை வாங்கி நான்காக மடித்து என் கையில் வைத்தார்.

போன வாரம் ஆஸ்பத்திரி நாளன்று நான் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். ஆட்டோ தார் ரோட்டிலேயே நின்றது. அந்த அம்மாளும் பக்கத்து வீட்டுக்காரரும் அவர் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கரை வழியாகச் சுற்றித் தூக்கி வந்தார்கள். மூன்று இடத்தில் இறக்கி வைத்தார்கள். பழைய வழியில் ரோட்டுக்கு வர நான்கு நிமிடம் ஆகும். அன்று இருபத்தொரு நிமிடம் ஆயிற்று.