ஆராட்டு நாளில் வந்த டெல்லிக்காரர்கள்

வியாழக்கிழமை காலை. கோயம்புத்தூரில் முந்தின நாள் இரவு ஏறிய ரயில், ஆறரை மணிக்கு என்னைத் திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டது. நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அகலப் பாதை போட்ட பிறகு எர்ணாகுளத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டி மாறும் தொல்லை தீர்ந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஐப்பசி மழை இந்த ஊரில் சொல்லிவிட்டு வருவதில்லை, சொல்லிவிட்டுப் போவதுமில்லை.

ஸ்டேஷன் வாசலில் குடையோடு நின்றிருந்தார் ஞானதாஸ். மார்த்தாண்டத்துக்காரர். பாப்பனங்கோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பீளமேட்டில் என் அண்ணன் நடத்தும் வார்ப்படச் சாலையிலிருந்துதான் அவருக்கு இரும்பு போகிறது. “டெல்லிக்காரங்க வாராங்க, உங்க தம்பியை அனுப்புங்கோ, பத்திரிகையில எழுதட்டும்” என்று அண்ணனுக்குச் சொல்லியனுப்பியவர் அவர்தான்.

“வாருங்கோ சாரே. வண்டியில உறங்கினீங்களா?”

“எங்கீங்க உறங்கறது? எதுத்த சீட்டுக்காரர் பாலக்காட்டுல ஆரம்பிச்ச கொறட்டைய வர்க்கலையிலதான் நிறுத்துனாரு.”

ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரிலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். நாள் வாடகை பன்னிரண்டு ரூபாய். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு முழுவதும் அறைக்குள் வந்துவிடுகிறது. கீழே சாயாக் கடையில் பரிமாறியவர் சங்கரன்கோவில்காரர். என் தமிழைக் கேட்டதும் தோசையோடு கேட்காமலே இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார். பிறகு பக்கத்து மேஜைக்குத் திரும்பி மலையாளத்தில் கணக்குச் சொன்னார். இந்த ஊர்த் தமிழர்கள் நாக்கை இப்படித்தான் இரண்டு பக்கமும் புரட்டிப்போடுகிறார்கள். பார்க்கப் பொறாமையாக இருக்கிறது.

பட்டறைக்குப் பஸ்ஸில் போனோம். நாகர்கோவில் சாலையில் ஐந்து கிலோமீட்டர். ஓட்டுக் கூரை போட்ட ஷெட். மூன்று லேத், ஒரு துளையிடும் யந்திரம். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து ரோலர்களுக்குப் பல் சக்கரம் கடைந்துகொண்டிருந்தார்கள். விழிஞ்ஞத்துப் படகுகளுக்கு ஷாஃப்டும் இங்கேதான் செய்கிறார்கள். வேலைக்காரர்களில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம், மீதிப் பேர் பக்கத்து நேமத்து மலையாளிப் பையன்கள். கரியும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை எனக்கு வீட்டு வாசனை. இந்தப் பச்சை ஊருக்குள் அதைக் கண்டதும் மனசு நிறைந்துவிட்டது.

விஷயம் இதுதான். மத்திய சர்க்கார் தெற்கே ஒரு பெரிய யந்திரத் தொழிற்சாலை வைக்கப்போகிறது. மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டு ஒன்றைச் சொல்லும்படி ஒரு குழுவை அனுப்பியிருக்கிறது. முதலில் பார்க்கும் ஊர் திருவனந்தபுரம். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு இந்தத் தொழிற்பேட்டைக்கும், அதிலே ஞானதாஸின் ஷெட்டுக்கும் அவர்கள் வருவதாக ஏற்பாடு.

“பெரிய கம்பெனி இஞ்ச வந்தா, சின்னச் சாமானெல்லாம் நம்மகிட்டதானே கடைஞ்சு வாங்கணும்? இன்னும் நாலு லேத் போடலாம் சாரே. அதுக்கு இடமும் பாத்து வச்சிருக்கு.”

“வராட்டி என்னங்க பண்ணுவீங்க?”

“வராட்டி பூட்டவேண்டியதாக்கும்” என்றார். “எஸ்டேட்டுக்காரங்க ஆர்டரைக் குறைச்சிட்டே வாராங்க. அந்த ஒரு மலையை நம்பி எத்தனை நாளு ஓட்ட?”

அன்று சாயங்காலம் பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் அக்ரகாரத்தில் சேஷய்யரைப் பார்க்கப் போனேன். செக்ரட்டேரியட்டில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். டெல்லிக்காரர்களுக்காக ஊர்ப் பிரமுகர்கள் சேர்ந்து அமைத்த வரவேற்புக் குழுவுக்கு அவர்தான் காரியதரிசி. வெள்ளை வேஷ்டி, நெற்றியில் சந்தனம். சுக்குக் காப்பி கொடுத்தார்.

“ஓய் பத்திரிகைக்காரரே, அவாளை நான் எந்த நாளாப் பார்த்து வரவழைச்சிருக்கேன் தெரியுமோ? நாளைக்கு ஆராட்டு! இந்த ஊரோட மொத்த லட்சணத்தையும் ஒரே நாள்ல காட்டணும்னா அதைவிட வேற நாள் ஏது?”

ஆராட்டு என்றால் என்னவென்று என் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பங்குனியிலும் ஐப்பசியிலும் திருவிழா முடிவில் பத்மநாபசுவாமியைக் கடலுக்கு எடுத்துப்போய் நீராட்டுகிறார்கள். கோட்டையிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழியின் குறுக்கே விமான நிலையத்தின் ஓடுபாதை கிடக்கிறது. சாமி அந்த வழியில் போக ஆரம்பித்து வெகுகாலம் கழித்துத்தான் விமானம் வந்தது. ஆகவே அந்த இரண்டு நாட்களிலும் சாயங்காலம் விமானங்களை நிறுத்திவிட்டு, ஓடுபாதையைச் சாமிக்கு விட்டுவிடுகிறார்கள். ஆபீஸ்களுக்கும் மதியத்துக்கு மேல் விடுமுறை.

“விடுமுறைன்னா தொழிற்பேட்டை மூடியிருக்காதுங்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒரு அரை மணி நேரம் எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்” என்றார் சேஷய்யர். அரை மணி நேரம் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். டெல்லியிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் உயரமானவர், மரியாதைக்காரர், எதைச் சொன்னாலும் புன்னகையோடு தலையாட்டினார். மேடையில் ஒருவர் பின் ஒருவராக ஊரின் பெருமையைச் சொன்னார்கள். இங்கே எழுதப் படிக்கத் தெரியாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒருவர், குடிநீரின் ருசியைப் பற்றி ஒருவர், கடற்காற்றைப் பற்றி இரண்டு பேர். எல்லாம் நிஜம்தான், ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் இரும்பை வெட்டத் தெரிந்தவன் இந்த ஊரில் ஒருவன் இருக்கிறான் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் வீட்டின் சுவரையும் கிணற்றையும் மெச்சிக்கொண்டிருந்தால் பெண்ணை எப்போது காட்டுவது?

பதினொன்றரைக்கே வாழையிலை போட்டார்கள். அவியல், எரிசேரி, காளன், ஓலன், பருப்பு, சாம்பார், ரசம், இரண்டு பாயசம். அடைப்பிரதமன் பாயசத்தைக் குழுத் தலைவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கியபோது சேஷய்யர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தொழிற்சாலையே கைக்கு வந்துவிட்டது போலப் பூரித்தார்.

கை கழுவிய இடத்தில்தான் இடி விழுந்தது. விருந்தினர்கள் இரவு தங்கி ஆராட்டு பார்ப்பார்கள் என்று வரவேற்புக் குழு நினைத்திருந்தது. விருந்தினர்களோ அன்று சாயங்காலமே பம்பாய் போவதற்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஆராட்டுக்காக அந்த விமானத்தை முன்கூட்டியே மூன்றரைக்கு எடுக்கிறார்கள் என்று இப்போது செய்தி வந்தது. ஓடுபாதை மூடும் நாள் என்று இந்த ஊரில் பால்காரருக்குக்கூடத் தெரியும். ரொம்பவும் தெரிந்த விஷயம் என்பதாலேயே அதை விருந்தினர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவர்கள் எப்போது திரும்புகிறார்கள் என்று கேட்கவுமில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மீதம் இருந்தது இரண்டு மணி நேரம். பாப்பனங்கோட்டுப் பட்டறையா, சேஷய்யர் காட்ட நினைத்த கோவளம் கடற்கரையா? இரண்டுக்கும் நேரமில்லை. நான் சேஷய்யரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

“பாப்பனங்கோடு போலாமுங்க. அவுங்க பாக்க வந்ததே அதைத்தானுங்க.”

“ஆராட்டு நாளும் அதுவுமா எவன் வேலைக்கு இருப்பான் ஓய்? பூட்டின ஷெட்டைக் காட்டினா நமக்குத்தான் குறைச்சல். கோவளத்தைப் பார்க்காம அவாளை அனுப்பினா இந்த ஊர் என்னை மன்னிக்குமா?”

“ஞானதாஸ் ஆளுங்கள நிறுத்தி வெச்சிருப்பாருங்க.”

“அதெல்லாம் முடியற காரியமா?” என்று சொல்லிக்கொண்டே அவர் காரில் ஏறிவிட்டார். நானும் பின்னால் போன பத்திரிகைக்காரர்களின் அம்பாசிடரில் ஏறினேன். நேராகப் பாப்பனங்கோடு போய் ஞானதாஸுக்காவது சொல்லியிருக்கலாம். வழியில் இவர்கள் மனசு மாறும் என்று ஒரு நப்பாசை.

கோவளம் பதினாறு கிலோமீட்டர். மழை கழுவிவிட்ட வானம், பாறைகளுக்கு நடுவே வளைந்து கிடக்கும் கரை, கொஞ்சம்கூட அழுக்கில்லாத அலை. அழகில்லை என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். குழுத் தலைவர் செருப்பைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். பிறகு சேஷய்யரைப் பார்த்து, இப்படிப்பட்ட ஊரில் போய்ப் புகைபோக்கி வைக்க யாருக்கு மனசு வரும், இதை இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார்.

உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். சேஷய்யர் கை கூப்பினார். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மனதார வாழ்த்தினார். அந்த வாழ்த்திலேயே ஒரு பட்டறையை மூடிவிட்டார்.

மூன்று மணிக்குள் அவர்களை விமான நிலையத்தில் விட்டார்கள். நான் ஒரு ஆட்டோ பிடித்தேன். டிரைவர் ஆராட்டுக்கு நேரமாகிறது என்று முனகி, நாலு ரூபாய்க்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டார். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

தொழிற்பேட்டையில் மற்ற ஷெட்டுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் லேத் ஓடும் சத்தம். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. மேஜையில் இளநீர், மூன்று மாலைகள். வேலைக்காரர்கள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு யந்திரங்கள் முன்னால் நின்றிருந்தார்கள். கடைந்து பளபளவென்று தேய்த்த பெரிய பல் சக்கரம் ஒன்று வாசலுக்கு நேராக இருந்தது. வருகிறவர்கள் கண்ணில் முதலில் அது பட வேண்டுமாம்.

ஆட்டோவிலிருந்து நான் மட்டும் இறங்குவதைப் பார்த்தார் ஞானதாஸ்.

“பின்னால வாராங்களா சாரே?”

“இல்லீங்க. பிளேனுக்கு நேரமாயிருச்சு. கோவளத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்கிருந்து அப்படியே ஏத்தி அனுப்பிட்டாங்க.”

அவர் உள்ளே போய் ஒவ்வொரு லேத்தாக நிறுத்தினார். “எல்லாரும் ஆராட்டுக்குப் போங்கடே, இப்பப் போனா வள்ளக்கடவுல இடம் கிடைக்கும்” என்றார். யாரும் நகரவில்லை. அவரே இளநீரை வெட்டி ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார். பிறகுதான் அவர்கள் போனார்கள்.

ஐந்து மணிக்கு மேல் நாங்கள் இருவரும் சாமி போகும் வழியில் வள்ளக்கடவில் கூட்டத்தோடு நின்றோம். இருட்டத் தொடங்கியபோது யானை வந்தது. உருவிய வாளோடு ராஜ குடும்பத்துப் பெரியவர் நடந்து வந்தார், பின்னால் சாமியைத் தாங்கிய வாகனங்கள். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களின் கூச்சல் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் டெல்லிக்காரர்கள் பறந்துபோன ஓடுபாதையைச் சாமி வெறும் தீவட்டி வெளிச்சத்தில் கடந்து கடலுக்குப் போனார். உடம்பு சிலிர்த்தது. கோபப்பட நினைத்தும் என்னால் முடியவில்லை. கூட்டத்தில் எங்களைக் கண்டு வந்த சேஷய்யரின் கண்கள் கலங்கியிருந்தன.

“பாத்தேளா! இதை அவா பார்க்காமப் போயிட்டாளே!” என்றார்.

அவருடைய வருத்தமெல்லாம் அதுதான். ஞானதாஸ் அவருக்கு மரியாதையாக வழிவிட்டு நின்றார்.

சனிக்கிழமை காலை, தம்பானூர் ஸ்டேஷன். ஞானதாஸ் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வழியனுப்ப வந்திருந்தார். குழு இன்னும் முடிவு சொல்லவில்லை, அதற்குள் மனம் விடக்கூடாது என்று நான் ஏதோ சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கையில்லை. எங்கள் ஊருக்கு இப்படிப்பட்ட குழுக்கள் வரும்போது காட்டுவதற்குக் கடல் இல்லை, அரண்மனை இல்லை, யானை ஊர்வலமும் இல்லை. ரயிலை விட்டு இறங்கியதும் நேரே மில்லுக்குக் கூட்டிப்போவோம். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே சுற்றிப் பார்ப்பார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார்கள். அழகில்லாததால் பிழைத்த ஊர் எங்களுடையது. அதில் இத்தனை நாள் எனக்கு ஒரு கர்வம் இருந்தது, அன்று அது கூசியது.

வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தபோது அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“சாரே, பீளமேட்டுல ஒரு ஷெட்டு வாடகைக்குக் கிட்டுமான்னு அண்ணன்கிட்டக் கேக்கணும்.”

வேறு நாளாயிருந்தால் வாங்க வாங்க என்று குதித்திருப்பேன். “ஆளுங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“ராத்திரி கேட்டேன். எல்லாரும் வாறோம்னு சொல்லியாச்சு. நேமத்துப் பயலுகளுக்குத் தமிழு அவ்வளவு வராது, படிச்சுக்கிடுவானுக. ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கானுகளாக்கும்.”

“என்னங்க?”

“வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஆராட்டுக்கு லீவு குடுத்து ஊருக்கு அனுப்பணுமாம்.” வண்டி நகர ஆரம்பித்தது. அவர் கூடவே நடந்து வந்தார். “நான் சர்ச்சுக்காரனில்லியா, எனக்கு ஆராட்டு எதுக்குன்னு நினைக்காதீங்கோ சாரே. நானும் கூட வருவேன்.”