திட்டு வாங்காத மகள்

வெயிலில் காய்ந்த தென்னைநார்ப் பாயில் கிரிக்கெட் பந்து விழுகையில் எழும் ‘டொப்’ என்னும் ஓசையும், கூடவே கிளம்பும் புழுதி வாசனையுமாகவே என் பத்தாம் வயதுக் கோடை நினைவில் நிற்கிறது. மாநில அணிக்குச் சில பருவங்கள் ஆடிவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பிய அப்பா, சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து தெளிக்காமல் விட்ட வயலொன்றில் அந்தப் பாயை விரித்து ஆணியடித்து, ஆற்றில் தண்ணீர் வரும்வரை பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்துவந்தார்.

பயிற்சி என்பதைவிட வசவு என்பதே பொருந்தும். பேராவூரணியிலிருந்து வந்து, தன் அத்தை வீட்டில் தங்கிப் பழகிய மலர்க்கொடிக்குத்தான் அதில் பெரும்பங்கு.

“ஏ கழுதை! பந்து என்ன உங்க தோப்புத் தேங்காயா, தானா விழட்டும்னு நிக்கிற? காலை முன்னால வை!”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பந்தை வரப்புக்கு அப்பால் அனுப்புவாள். தேறக்கூடியவரை மட்டுமே அப்பா திட்டுவார், தேறாதவரைப் பாராட்டி அனுப்பிவிடுவார் என்பது அங்கிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். “வெளையாத நெலத்துல யாராவது களை எடுப்பாங்களா?” என்பார்.

வீட்டில் என்னை அவர் ஒருநாளும் அதட்டியதில்லை, “சாப்பிட்டீங்களாம்மா?” என்று மகளிடமும் மரியாதைதான். உறவினர் அதைப் பாசம் என்றனர். இன்று இலக்கியம் பயிலும் எனக்கு அடைமொழிகள் பல தெரியும். அன்று வேண்டியிருந்ததோ மலர்க்கொடிக்குக் கிடைத்த அந்தக் ‘கழுதை’ ஒன்றே.

ஒரு மாலை மட்டையைக் கேட்டு வாங்கி நின்றேன். அப்பாவே பந்து வீசினார். மலர்க்கொடி திட்டு வாங்கிய பிழைகளையெல்லாம் மனப்பாடமாக அறிந்திருந்த நான் காலைச் சரியாகவே முன்வைத்தேன்; பந்துதான் ஒவ்வொரு முறையும் மட்டையைக் கடந்து போனது. வசவுக்காகக் காத்திருந்தேன்.

“ரொம்ப அழகா ஆடினீங்கம்மா. போய்த் தண்ணி குடிங்க.”

பந்து தவறும்போதெல்லாம் எழுந்த பிள்ளைகளின் சிரிப்பு நின்றுபோயிற்று. மலர்க்கொடி என்னைப் பார்க்காமல் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். அந்த இரக்கத்துக்காக அவளை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

அந்த வயல் இப்போது மனைகளாகிவிட்டது. குரலை உயர்த்தக் கூடாதென்று மருத்துவர் சொன்னதிலிருந்து அப்பாவின் வசவும் இல்லை. மாநில அணிக்கு ஆடும் மலர்க்கொடி, ஊருக்கு வரும்போதெல்லாம் அவரைப் பார்க்க வருகிறாள்.

“என்ன சார், மாத்திரை போடலையா? சின்னப் புள்ளையா நீங்க? வாயைத் தெறங்க!”

அப்பா சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கிறார்.

மற்ற நாட்களில் நான்தான் மாத்திரையையும் தண்ணீரையும் அவர் பக்கத்தில் வைத்து, “போட்டுக்கங்கப்பா” என்கிறேன்.

“சரிங்கம்மா” என்கிறார். வெகுநேரம் கழித்துப் பார்த்தாலும் மாத்திரை மேசையிலேயே இருக்கிறது.