நெரைய விடாத லா

ஈப்போவில் ஒரு கல்லூரிக் கால்பந்துக் குழுவுக்கு என் கணவர்தான் பயிற்சியாளர். குழு தொடர்ந்து தோற்றதால், அவரை மாற்றலாமா என்று பார்க்க நிர்வாகத்திலிருந்து ஒருவர் ஆட்டத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எஸ்டேட்டு பாஷையில கத்துறாரு, யாருக்குப் புரியும்க்கா?" என்றார். எனக்குச் சுர்ரென்றது.

ரப்பர் தோட்டத்தில் ஒருவர் பால் வெட்டும் மரவரிசைக்கு நிரை என்று பெயர்; பேச்சில் நெரை. தோட்டத்தில் பிறந்த என் கணவருக்கு, ஆட்டக்காரன் காக்கவேண்டிய இடமும் நிரைதான்.

எதிரணி பந்தோடு பாய்ந்து வந்தது. என் கணவர் வாய் திறக்குமுன் எங்கள் கோல்கீப்பர், சீனப் பையன், மலேசியப் பேச்சின் 'லா'வையும் சேர்த்துக் கத்தினான்: "நெரைய விடாத லா!" மலாய்ப் பையன்கள் இருவர் ஓடிவந்து தங்கள் இடத்தில் நின்றார்கள். பந்து வந்த வழியே திரும்பியது.

"மாத்துங்க சார்," என்றேன். "ஆனா பதினோரு பேரையும் சேத்துத்தான் மாத்தணும்."