செவ்வாய்க்குப் போன பை

அத்தான் எழுதிய ஒரேயொரு விஞ்ஞானக் கதை, கிழித்தெடுத்த பெட்டி மட்டைகளின் பின்பக்கத்தில்தான் பிறந்தது. பிறம்ரன் நகரில் அவர் பெட்டி அடுக்கிய வெயார்ஹவுசில் மதிய இடைவேளை அரை மணித்தியாலம். அதற்குள் சோற்றையும் சாப்பிட்டுச் செவ்வாய்க் கிரகத்துக்கும் போய்வந்துவிடுவார். அக்கா அந்த மட்டைகளைக் குப்பையில் போட, அவர் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்ததும் உண்டு.

கதை இதுதான்: முந்நூறு வருடங்களுக்குப் பிறகு எங்கள் சனம் செவ்வாயில் குடியிருக்கிறது. யுத்தமில்லை, பயமில்லை. ஆனாலும் அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட, ஒவ்வொரு வீட்டுக் கதவடியிலும் கட்டிவைத்த பையொன்று கிடக்கும். எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், வைக்கிறதுதானே என்பார்கள்.

ஸ்காபரோவில் எங்கள் வாசகர் வட்டத்தில் இதை வாசித்தார். வட்டமென்றால் எட்டுப் பேரும் கடிக்க ஒரு தட்டு றோல்சும். முதல் பக்கம் முடியுமுன்னமே ஒரு அண்ணை கேட்டார்: “செவ்வாயிலை பையைத் தூக்கிக்கொண்டு எங்கை ஓடுறது?” எல்லாரும் சிரித்தோம். காரணம் தெரியாத பழக்கம் அவ்வளவு காலம் நிற்காது, பையை எடுத்துவிடுங்கள் என்று பெரிய விமர்சகன்போல நானும் சொன்னேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அத்தான் மட்டைகளை அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பையை எடுத்தால் கதையே இல்லை என்பது அத்தானின் நினைப்பு. கதையை எறிவதற்கு முன் மகளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுகிறேன் என்றார். அந்த மகள், எனக்கு மருமகள், இங்கே பிறந்தவள்; தமிழ் விளங்கும், வாசிக்க வராது. டவுன்ரவுனில் முப்பதாவது மாடியில் தனியாக இருக்கிறாள். ஊரில் நாங்கள் பையோடு ஓடிய யுத்தத்தைப் பற்றி அவளோடு பேசக்கூடாதென்பது அக்காவின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவளை இருத்திவைத்து அத்தான் வாசித்தார். 

அவள் சிரிக்கவில்லை. “அப்பா, என்ரை அபார்ட்மென்ரிலையும் கதவடியிலை ஒரு பாக் இருக்கு” என்றாள்.

ஏனென்று அக்கா கேட்டார்.

“தெரியாது. இந்த வீட்டிலை, உடுப்பு க்ளொசெற்றுக்குள்ளை எப்பவும் ஒண்டு கிடக்கும்தானே. எல்லார் வீட்டிலையும் வைக்கிறதெண்டு நினைச்சன்.”

நான் நிலத்தைப் பார்த்தேன். அத்தான்தான் மெதுவாகக் கேட்டார்: “உள்ளுக்கை என்ன வைச்சிருக்கிறாய், பிள்ளை?”

“பாஸ்போட், டிகிரி, தண்ணிப் போத்தில்... ஒரு பக்கற் மிளகாய்த்தூள்.”

முதலில் சிரித்தது அக்காதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்த்தூளை அத்தான் கதையில் எழுதியிருக்கவில்லை. பேனையைத் தேடியெடுத்து, சாப்பாட்டு மேசையிலேயே அதையும் சேர்த்து எழுதினார்.