அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கட்டும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, என் மகள் ஆர்த்தி மடியில் கைப்பேசியோடு சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. சொல் வெளியே வரத்தான் நேரம் பிடிக்கும். டெல்லியிலேயே வளர்ந்ததால் தமிழோடு இந்தியும் கலந்து வரும்.

"மேடம்..." என்று ஆரம்பித்தாள்.

"வராங்களா?" என்றேன். இல்லை என்று தலையசைத்தாள். "உன்னைக் கூப்பிட்டாங்களா? எதாவது டைப் பண்ணணுமாமா?" என் அவசர புத்தி எங்கே போகும்! அவள் கண் நிறைந்த பிறகுதான் வாயை மூடினேன்.

"மேடம்... நஹீ ரஹீ," என்று அவளே முடித்தாள்.

எஸ்தர் மேடம் காலமாகிவிட்டார். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் பாளையங்கோட்டைக்காரர். தமிழ்நாட்டிலிருந்து வரும் எம்.பி.க்கள் பலருக்கு ஒருவர் பின் ஒருவராகத் தனிச் செயலாளராக இருந்தவர். தேர்தலில் கட்சி மாறும், எம்.பி. மாறுவார், மேடம் மட்டும் கோல் மார்க்கெட் வீட்டிலிருந்து அதே கைப்பையோடு அடுத்தவரிடம் வேலைக்குப் போவார். பொங்கலுக்கு ஊர் போக ரயிலில் இடம் கிடைக்காத டெல்லித் தமிழர்கள் எல்லோரும், இடம் ஒதுக்கச் சொல்லும் எம்.பி. கடிதத்துக்காக ஒருமுறையாவது அவர் முன்னால் நின்றிருப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் போனது ரயிலுக்காக அல்ல. ஆர்த்தி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியிருந்தாள். பதினொன்றாம் வகுப்போ இரண்டாம் மாடியில். "லிஃப்ட் கிடையாது, வேறு இடம் பாருங்கள்," என்று பள்ளியில் கைவிரித்துவிட்டார்கள். வேறு பள்ளிகளும் நாற்காலியைப் பார்த்ததும் இடமில்லை என்றன. லிஃப்ட் கேட்டு மனு மேல் மனு எழுதினேன். அரசு ஊழியன் அல்லவா, மேற்கோள் எண்ணெல்லாம் போட்டுப் பிரமாதமாக எழுதுவேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இன்னும் இரண்டு வாரம் போனால் சேர்க்கையே முடிந்துவிடும். பெண் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

"கவர்மென்ட் உத்தியோகத்துல இருந்துகிட்டு அரசியல்வாதி வீட்டு வாசல்ல நிக்கலாமா மேடம்?" என்று, ஆர்த்தியோடு எம்.பி. வீட்டு வாசலில் நின்று தயங்கினேன்.

"டிரான்ஸ்பரா கேக்க வந்திய? பிள்ளைக்குப் படிப்புதான கேக்குதிய. உள்ள வாங்க," என்றார்.

உள்ளே பொன்னாடைகளோடு கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். மேடம் அவர்களைத் தாண்டி ஆர்த்தியை எம்.பி.யின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் வாயைத் திறந்தாள். "லிஃப்ட்..." என்றாள். நான் சும்மா இருப்பேனா? "ஆமாங்கய்யா, ஒரு லிஃப்ட் போட்டுக் குடுத்தாப் போதும்..." என்று கடகடவென்று ஆரம்பித்துவிட்டேன்.

மேடம் ஒரு கட்டு ரயில்வே கடிதங்களையும் உறைகளையும் பசையையும் என் கையில் திணித்தார். "சார், அந்த மூலைல உக்காந்து இதையெல்லாம் ஒட்டுங்க. கைக்கு வேல குடுத்தாத்தான் உங்க வாய் அடங்கும்." பேச்சுக்காரப் பெற்றோர் எல்லோருக்கும் அவர் தரும் வைத்தியம் இதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று மானம் போய்விட்டது.

கட்சிக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மேடம் கதவை மறித்து நின்றுகொண்டார். "அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கட்டும்."

நான் ஏழு உறை ஒட்டி முடிக்கும்வரை ஆர்த்தி பேசினாள். "லிஃப்ட்... வேண்டாம். கிளாஸை... நீச்சே... கொண்டாங்க."

"நீச்சேன்னா?" என்றார் இந்தி தெரியாத எம்.பி.

"கீழன்னு அர்த்தம், சார்," என்றார் மேடம்.

அவ்வளவுதான்! அந்த வகுப்பை அப்படியே தரைத்தளத்து அறைக்கு மாற்றினால் போதும். இத்தனை மனு எழுதிய எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எம்.பி. அங்கேயே பள்ளிக்கு ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சேர்க்கை முடிவதற்குள் விளையாட்டுச் சாமான் கிடந்த கீழ் அறை வகுப்பறையானது. ஆர்த்தி படித்தாள், இப்போது அரசியல் அறிவியலில் முதுகலை படிக்கிறாள்.

மேடம் அதோடு விடவில்லை. நாட்டில் எத்தனை பள்ளிகளில் இப்படி மாடிப்படியே பிள்ளைகளின் படிப்பை நிறுத்துகிறது என்று எம்.பி. மூலம் நாடாளுமன்றத்தில் கேள்வி போட வைத்தார். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று பதில் வந்தது. அடுத்த எம்.பி.யிடமும் அதே கேள்வி. வந்ததும் அதே பதில். "பதில் வரலைன்னு கேள்விய விட்டுர முடியுமா?" என்பார். கடைசி இரண்டு ஆண்டுகளாக அந்தக் கேள்வியை ஆர்த்திதான் தட்டச்சு செய்து கொடுத்தாள். ஊனமுற்ற பிள்ளைகளோடு படம் எடுக்க ஆசைப்படும் தலைவர்களிடம், "படம் பொறவு. மொதல்ல அதுக சொல்லுறதக் கேளுங்க," என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். அதனால் வேலையும் ஒருமுறை போயிற்று. கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்ததும், யாராவது பேசுகிறீர்களா என்று போதகர் கேட்டார். ஆர்த்தி கையை உயர்த்தினாள். மண்வெட்டியோடு நின்றவர்கள்கூட அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"மேடம்... ஜவாப்... வர்ற வரைக்கும்... நான்..."

அடுத்த சொல் எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உறையும் இல்லை, பசையும் இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"...கேப்பேன்."

போய் வாருங்கள், மேடம். பிள்ளை சொல்லி முடித்துவிட்டாள்.